நோயாளி இருக்கும் நாடு

1

மார்ச் மாதம் வந்தால் ஊருக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதி அனுப்புவது என் வழக்கம். நாங்கள் ஒட்டாவாவில் வந்திறங்கிய மாதம் அது. முதல் ஆண்டு பனியைப் பற்றி எழுதினேன். பிறகு பஸ், பள்ளிக்கூடம், மனைவியின் நோய், அவளுடைய மறைவு என்று ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விஷயம் இருந்தது. பேரன் தமிழில் பதில் சொல்வதை நிறுத்திய ஆண்டும் குறிப்பில் இருக்கிறது. இலங்கையில் மாத்தளைத் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் நான். ஊரும் திகதியும் இல்லாத காகிதத்தைக் கண்டால் முத்திரை குத்த இன்றைக்கும் கை துறுதுறுக்கும்.

இந்த ஆண்டு ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அந்தக் கேள்வியை என் மகள் மாலதி ஒரு நாளைக்குப் பலமுறை கேட்கிறாள். அவள் குடும்ப டொக்டர். வாரத்தில் சில நாட்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கிறாள். நோயாளி திரையில் வந்ததும் வணக்கம் சொல்வாள். அடுத்த வாக்கியம், "இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" அதன் பிறகு கதவைச் சாத்திக்கொள்வாள். அதனால் எனக்குக் கேட்பது அந்த ஒரு கேள்வி மட்டும்தான்.

ஆரம்பத்தில் இது உபசார வார்த்தை என்று நினைத்தேன். நம் ஊரிலும் கைத்தொலைபேசியை எடுத்தவுடன் அதைத்தானே கேட்கிறோம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பெயர் சொல்லாமல், ஒரு நோயாளியின் கதையைச் சொன்னாள். இந்த நகரத்தின் நடுவே ஆறு ஓடுகிறது. இந்தக் கரை ஒரு மாகாணம், அந்தக் கரை இன்னொன்று. அந்த மனிதர் இந்தக் கரையில் குடியிருப்பவர், பல ஆண்டுகளாக அவளுடைய நோயாளி. அன்று அக்கரையில் தம்பி வீட்டிலிருந்து பேசினார். மாலதி அவரைப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, காரை நிறுத்திவிட்டு, மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அவரும் அப்படியே செய்திருக்கிறார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போனா நீ படிச்சதெல்லாம் மறந்துருமா?" என்றேன்.

"சிரிக்காதீங்கப்பா. நோயாளி எங்க இருக்காரோ அங்கதான் வைத்தியம் நடக்குது. அந்த இடத்துல எனக்குப் பதிவு இல்லன்னா அங்க நான் டொக்டரே இல்ல."

"நீ இருக்கிற இடம் கணக்கில்லையா?"

"அதுவும் கணக்குத்தான். தப்பு நடந்தா ரெண்டு பக்கமும் கேப்பாங்க."

கடிதமாக இருந்தால் புறப்பட்ட ஊரும் திகதியும் உறையின் மேல் கறுப்பு வட்டமாக விழுந்திருக்கும். வீடியோ அழைப்பின் மேல் யாரும் முத்திரை குத்துவதில்லை. அதனால் வாயால் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் என்று அன்று புரிந்துகொண்டேன். கொஞ்சம் அலுப்பாகவும் இருந்தது. ஆற்றைத் தாண்டினால் கைவிடுகிற இந்த வைத்தியம் என்ன வைத்தியம் என்று தோன்றியது.

2

என் தங்கச்சி புஷ்பமும் அவள் புருஷன் சந்தனமும் மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே ஒரு மிளகு, கொக்கோ தோட்டத்தில் இருக்கிறார்கள். தொழிலாளர் வரிசை வீடான பழைய லயத்தின் கடைசி இரண்டு அறைகள், முன்னால் தகரம் இழுத்து ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தின் மூலையில் தொலைபேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தால் படம் தெளிவாக வரும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலை, அவர்களுக்கு அந்தி. பல ஆண்டுகளாக அந்த நேரத்தில் பேசிக்கொள்கிறோம்.

மாலதி டொக்டரான பிறகு அந்த அழைப்புக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். காலை நீட்டி வீக்கத்தைக் காட்டுவார்கள். லயத்தில் அதற்கு 'கனடா கிளினிக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. மாலதி எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "மாத்தள ஆஸ்பத்திரிக்குப் போய் காட்டுங்க."

பக்கத்து வீட்டு ராக்கு வாய் துடுக்கானவள். "ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றதுக்குக் கனடாவுல இருந்து ஒரு டொக்டர் எதுக்கு? அத எங்க வீட்டுக் கோழியே சொல்லுமே" என்றாள் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். மாலதியும் சிரித்தாள். ஆனால் அழைப்பு முடிவதற்குள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "நான் சொன்னேன்னு எங்கயும் என் பேர சொல்லிறாதீங்க. எனக்கு அங்க பதிவு இல்ல. பிரச்சினையாயிரும்."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தோட்டத்துப் பிள்ளை ஒன்று டொக்டரானால் தோட்டமே தோளில் தூக்கிக்கொண்டு போகும். இவளானால் தன் பெயரைச் சொல்லாதே என்கிறாள். சட்டம், சட்டம் என்று இந்த ஊர்க்காரியாகவே மாறிவிட்டாள் என்று எண்ணினேன். சந்தனத்துக்கு அப்படித் தோன்றவில்லை. மாலதி சொன்னதை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

புஷ்பத்துக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. மாத்தளை கிளினிக்கில் காட்டி வைத்தியம் நடக்கிறது. அங்கே கொடுத்த மருந்துகளில் ஒன்று சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அதைப் போட வேண்டும். நாலு மாத்திரை சேர்த்து, ஒரு தடவை. கிளினிக் கொப்பி என்ற மருந்துக் குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தினமும் போடுகிற மருந்தை மறக்காத புஷ்பம் வாரத்துக்கு ஒரு தடவை போடுகிறதை மட்டும் மறந்துவிடுவாள்.

கிளினிக் டொக்டர் ஏசினார் என்று அவள் அழுதபோது, மாலதி தன் விரதத்தை ஒரே ஒரு தடவை தளர்த்தினாள்.

"அத்தை, அதுக்கு ஒரு வழி சொல்றேன். நாங்க கூப்பிடுறப்ப போட்டுருங்க. கனடா கால் வந்தா மஞ்சள் மாத்திரை. அப்ப மறக்காது இல்ல?"

"அட, இது நல்லா இருக்கே! உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே முழுங்குறேன் மருமகளே."

அதிலிருந்து அழைப்பு வந்ததும் மாத்திரை, ஒரு மிடறு பிளேன்டீ, பிறகுதான் பேச்சு. ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மாலதி மருந்து எழுதிக் கொடுக்கவில்லை, அளவையும் மாற்றவில்லை. மறக்காமல் இருக்க ஓர் அடையாளம் மட்டும் சொன்னாள். அதை யாரும் வைத்தியம் என்று நினைக்கவில்லை.

3

பிறகு அந்தப் பெருமழை.

செய்தியில் மாத்தளை என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மண் சரிந்தது, பாலம் போனது, பாதை அறுந்தது என்று ஒவ்வொரு மணிக்கும் ஏதோ வந்தது. படத்தில் காட்டிய மலை எங்கள் மலைதானா என்று நெருங்கி நெருங்கிப் பார்ப்பேன். பல்லேகமப் பக்கம் தொடர்பே இல்லை என்றார்கள். தோட்டத்துக்கு மேலே உள்ள சரிவில் வெடிப்பு விட்டிருப்பதாகச் சந்தனம் சொன்னான். கரண்டும் இல்லை. ராக்குவின் மகனுடைய திரீவீல் பெட்டரியில் தொலைபேசியைச் சார்ஜ் பண்ணிக்கொண்டார்கள். சிக்னல் மட்டும் எப்படியோ நின்றது.

அந்த வாரம் நான் தினமும் கூப்பிட்டேன். மாலதி வேலையில் இருப்பாள், நான் மட்டும்தான். முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருக்கும். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் புஷ்பத்தின் முகம் பாதிதான் தெரியும்.

"இன்னும் வீட்டுலதான் இருக்கீங்களா? பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போகச் சொன்னாங்களே!"

"போறோம் அண்ணே, போறோம். அவரு மாட்டைக் கட்டிட்டு வரட்டும்."

"மாடா முக்கியம் இப்ப?"

"மாட்டை வுட்டுட்டு வந்தா நீ வாங்கித் தருவியா?"

இப்படித்தான் இருந்தது அந்த வாரத்துப் பேச்சு. ஒவ்வொரு நாளும் அவள் டம்ளரை வாயில் வைப்பதைப் பார்த்தேன். குளிருக்குத் தேநீர் குடிக்கிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போன பிறகும் அழைப்பை எடுத்ததும் டம்ளர்தான் முதலில் வந்தது. என் கவனமெல்லாம் அவள் தலைக்கு மேலே இருந்த சரிவில்.

மழை விட்டது. சரிவு இறங்கவில்லை. ஞாயிறு பேசியபோது இரண்டு பேரும் களைத்திருந்தார்கள், வேறொன்றும் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்றார்கள். இந்த ஆண்டுக் குறிப்பில் 'தப்பினோம்' என்று ஒரு பத்தி எழுத வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

4

அடுத்த ஞாயிறு அழைப்பில் சந்தனம்தான் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"புஷ்பம் எங்க மச்சான்?"

"படுத்திருக்கா. லேசாக் காய்ச்சல். மழையில நனைஞ்சது."

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்வார்கள். தூரத்தில் இருப்பவர்கள் தூங்கட்டும் என்ற கருணை அது. 'லேசாக்' என்ற சொல்லை நாங்கள் நம்புவதில்லை. மாலதி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமா, போன உள்ள கொண்டு போங்க."

புஷ்பம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பியபோது உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. பேச்சு குழறியது. மாலதி வாயைத் திறக்கச் சொன்னாள். டோர்ச் வெளிச்சத்தில் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வெந்ததுபோல் இருந்தன.

"என்ன சாப்பிட்டீங்க அத்தை?"

"கஞ்சிதான். அதுவும் எறங்கல. சூடு பண்ணிருச்சு போல."

"மஞ்சள் மாத்திரை போன ஞாயித்துக்கிழமை போட்டீங்களா?"

"ஐயோ, நான் மறப்பேனா? மழையிலகூட ஒரு நாள் வுடல. அண்ணன் கூப்பிட்டப்பல்லாம் போட்டேன்." அந்த வாயோடும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. "முகாமுல ராக்கு தண்ணி தரலன்னா வெறும் வாயில முழுங்குனேன்."

கிளினிக்கில் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பாதை மோசமாக இருப்பதால் அடிக்கடி வர வேண்டாம் என்ற நல்ல எண்ணம். சந்தனம் காகித உறையைக் கவிழ்த்துக் காட்டினான். உறை காலி.

மாலதியின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"மாமா, இப்பவே கிளம்புங்க. திரீவீல் வருமா?"

"பாதி வரைக்கும்தான். கீழ சின்னப் பாலம் ஒடைஞ்சு கெடக்கு."

"அது வரைக்கும் எப்படியாவது கூட்டிட்டுப் போங்க. அங்க இருந்து வேற வண்டி பிடிங்க. கிளினிக் கொப்பியையும் அந்தக் கவரையும் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. வார மாத்திரைய தினமும் போட்டுட்டாங்கன்னு உள்ள போனதும் சொல்லணும். வெளங்குதா?"

"வெளங்குது புள்ள."

அழைப்பு அறுந்தது. "என்னம்மா ஆகும்?" என்றேன். அந்த மருந்து அதிகமானால் உடம்பில் புது இரத்தம் ஊறுவது நின்றுபோகும், வாயில் தெரிவது முதல் அடையாளம், மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் போகப் போக அது வேலை செய்வது குறையும் என்றாள். சொல்லிவிட்டு, "நான் சொன்ன அடையாளம்பா அது. கால் வந்தா மாத்திரை" என்றாள்.

5

டொக்டர்களுக்கு இங்கே ஒரு பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது. வழக்கு, முறைப்பாடு என்று வந்தால் துணை நிற்பது. அவசர ஆலோசனைக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆள் உண்டு. இரண்டாம் எண்ணை அழுத்து, நாலாம் எண்ணை அழுத்து என்று இழுத்தடித்த பிறகு ஒரு பெண் பேசினார். மாலதி தொலைபேசியை மேசைமேல் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"நோயாளி எந்த மாகாணத்தில் இருக்கிறார்?"

"இலங்கையில்."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். "அங்கே உங்களுக்குப் பதிவு இருக்கிறதா?"

"இல்லை."

"அவர் உங்கள் நோயாளியா?"

"என் அத்தை."

"என் கேள்வி அதுவல்ல, டொக்டர்."

கெட்டவர் இல்லை அந்தப் பெண். பொறுமையாக விளக்கினார். நாட்டுக்கு வெளியே இருக்கும் நோயாளிக்காக வரும் வழக்குக்குச் சங்கம் துணை நிற்பது உறுதியில்லை. மருந்தை எப்போது போட வேண்டும் என்று சொன்னது வைத்திய ஆலோசனையாகக் கருதப்படலாம். அப்படிக் கருதினால், பதிவில்லாத நாட்டில் தொழில் செய்ததாக அங்கே ஒரு கேள்வி வரும். இங்கே உரிமம் கொடுத்த மருத்துவப் பேரவையும் தனியாகக் கேட்கலாம். எனவே சங்கத்தின் சட்டத்தரணி பார்க்கும் வரை அங்குள்ள டொக்டர்களிடம் எதுவும் பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். குடும்பத்தார் சொல்லட்டும்.

"குடும்பத்தார் சொல்லிவிடுவார்கள்" என்றாள் மாலதி.

"அப்படியானால் நல்லது" என்றார் அந்தப் பெண்.

6

நாங்கள் மேசையை விட்டு எழவில்லை. சமைக்கவும் இல்லை. சந்தனத்தின் அழைப்பு வந்தபோது முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வார்ட்டுல போட்டுட்டாங்க புள்ள. சேலைன் ஏறுது. ஒன்னும் பயமில்ல."

"மாத்திரை விஷயம் சொன்னீங்களா மாமா?"

சந்தனத்தின் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "நீ கவலப்படாத. உன் பேரு வராது. மழையில நனைஞ்சு காய்ச்சல்னுதான் சொன்னேன். கனடாப் பேச்சே எடுக்கல."

"மாத்திரை?"

"அதச் சொன்னா யாரு சொன்னான்னு கேப்பாங்க இல்ல? அப்புறம் உன் பேரு வந்துரும். கவரையும் வீட்டுலயே வச்சிட்டேன்."

இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள் மாலதி. பல ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் அவளே சொல்லிக் கொடுத்தது. 'என் பேர எங்கயும் சொல்லிறாதீங்க.' ராக்கு மறந்திருப்பாள், லயமே மறந்திருக்கும். சந்தனம் மறக்கவில்லை. மனைவி உயிருக்குப் போராடும் நேரத்தில் மருமகளுடைய டொக்டர் உரிமத்தைத் தன் வயிற்றுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வார்ட்டு வாசலில் நின்றான். கிளினிக் கொப்பியில் வாரத்துக்கு ஒரு தடவை என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வர வழியில்லை.

சங்கத்துப் பெண் சொன்னது மேசைமேல் இன்னும் கிடந்ததுபோல் இருந்தது. நான் 'நீ பேசு' என்றும் சொல்லவில்லை, 'பேசாதே' என்றும் சொல்லவில்லை. என் தங்கச்சி அங்கே, என் மகள் இங்கே.

"மாமா," என்றாள், "போனை டொக்டர்கிட்ட குடுங்க."

"வேணாம் புள்ள. நானே போய்..."

"குடுங்க மாமா."

நடக்கும் சத்தம். யாரோ தாதி சிங்களத்தில் அதட்டினாள். சந்தனம் கெஞ்சினான். பிறகு ஓர் இளம் பெண்குரல், அவசரத்தில் இருக்கும் குரல்.

"டொக்டர் பர்ஹானா. யாரு பேசுறது?"

இரண்டு பேரும் பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நான் முழுவதையும் தமிழில் எழுதுகிறேன்.

"நான் புஷ்பம் அம்மாவோட மருமகள். கனடாவுல டொக்டரா இருக்கேன். இலங்கையில எனக்குப் பதிவு கிடையாது. அதையும் சேத்துச் சொல்லிறேன்."

"சரி, சொல்லுங்க."

"கிளினிக் கொப்பியில மெத்தொட்ரெக்ஸேட் இருக்கு பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டியதை மழை வாரம் முழுக்கத் தினமும் போட்டிருக்காங்க. வாய் முழுக்கப் புண்ணு. இரத்தம் பாத்தாச்சா?"

மறுமுனையில் யாரையோ கூப்பிட்டு, புஷ்பத்தின் பரிசோதனை முடிவை உடனே வாங்கி வரச் சொல்வது கேட்டது.

"தினமுமா? யாரு சொன்னது தினமும் போடச் சொல்லி?"

"யாரும் சொல்லல. நாங்க கூப்பிடுற அன்னைக்குப் போடுங்கன்னு நான்தான் சொல்லியிருந்தேன். வாரத்துல ஒரு நாள்தான் கூப்பிடுவோம். அந்த வாரம் மழைன்னு தினமும் கூப்பிட்டோம்."

பர்ஹானா ஒரு பெருமூச்சு விட்டார். "என்ட உம்மாவும் சுகர் மாத்திரைய டீவி நாடகம் தொடங்குற நேரத்துக்குத்தான் போடுறவ" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அடுத்த நொடியே குரல் மாறியது. "மாற்று மருந்து இங்க இருக்கான்னு பாக்குறேன். இல்லன்னா கண்டிக்கு அனுப்புறோம். இத நான் எழுதணும். யாரு சொன்னாங்கன்னும் எழுதணும். உங்க பேர எழுதலாமா?"

மாலதி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. தன் முழுப் பெயரையும், பதிவு எண்ணையும், இந்த ஊரையும், இந்த மாகாணத்தையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பர்ஹானா திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

7

புஷ்பத்தைக் கண்டிக்கு அனுப்பினார்கள். முதல் சில நாட்கள் வெள்ளை அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. வார்ட்டில் தனியாக ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். யாரும் கிட்டே போகக் கூடாது. சந்தனம் வெளி வராந்தாவில் இருந்தான். நான் கூப்பிடப் பயந்தேன். எங்கள் வீட்டில் ஓர் அழைப்புக்குப் பயப்பட நேர்ந்தது அதுதான் முதல் தடவை. அவனே கூப்பிட்டான். இறங்கியது நின்றது என்றான். பிறகு ஒருநாள், கஞ்சி குடித்தாள் என்றான். கிறிஸ்மஸ் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

மாலதி அதற்குள் இங்குள்ள பேரவைக்குத் தானே எழுதிவிட்டாள். சங்கத்துச் சட்டத்தரணிக்கு அது பிடிக்கவில்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்லியிருக்கலாமே என்றார். பேரவையின் இணையப் பக்கத்தில், சம்பவத்தின்போது நோயாளி இருந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் மாகாணங்களின் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. கடைசியில் 'வேறு' என்று ஒன்று. மாத்தளை மாவட்டம் அந்த 'வேறு'க்குள் போய் உட்கார்ந்தது.

அங்கே ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது விதி. சந்தனத்தை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். "என்ன சொல்லட்டும் புள்ள?" என்று கேட்டான். "நடந்தத சொல்லுங்க மாமா. என் பேரோட சொல்லுங்க" என்றாள். அவனுக்கு அது விளங்கவே இல்லை. இத்தனை நாள் காப்பாற்றியதை ஏன் தூக்கிக் கொடுக்கிறாள் என்று என்னிடம் தனியாகக் கேட்டான்.

நான் சட்டம் படித்தவன் இல்லை, வாசிக்கிறவன். இந்தக் குளிர்காலம் முழுக்க இதைத்தான் வாசித்தேன். அங்குள்ள பேரவையின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இல்லாத பெயரை எப்படி வெட்டுவது? பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தாள் என்று சொல்லலாம். ஆனால் கடல் கடந்து வந்து யார் விசாரிப்பது? இங்குள்ள பேரவைக்கு அவள் மேல் அதிகாரம் உண்டு. ஆனால் சாட்சி, நோயாளி, மருந்து, மழை எல்லாமே அங்கே. புஷ்பத்தின் இடத்தில் வேறு யாரோ இருந்து, டொக்டரும் வேறு யாரோவாக இருந்து, உயிரும் போயிருந்தால் அந்தக் குடும்பம் எந்த வாசலில் போய் நிற்கும்? வாசிக்க வாசிக்க எனக்கு மகளைப் பற்றிய பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. ஆற்றங்கரைக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தவன் நான். வழக்கு என்று வரும்போது நோயாளிக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் பிறந்தபோது எனக்கு நாடே இல்லை. தோட்டத்தில் பிறந்த எங்களை யார் எடுத்துக்கொள்வது என்று இலங்கையும் எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வந்த நாடுமாக இரண்டு அரசாங்கங்கள் எங்களைக் கேட்காமலே பேசித் தீர்த்தன. பிரசாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தபால் கந்தோர் வேலை. அன்று அப்பனை இரண்டு நாடும் வேண்டாம் என்றன. இன்று மகளை இரண்டு நாடும் கேட்கலாம். இதை மாலதியிடம் சொன்னேன். "அது முன்னேற்றம்தானேப்பா" என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

8

இதை எழுதும் இன்றும் ஞாயிறு. பேரவையின் முடிவு வரவில்லை. உரிமத்தோடு நிபந்தனை சேர்ப்பார்களா, கண்டித்து விட்டுவிடுவார்களா, விசாரணைக்கு அழைப்பார்களா என்று தெரியாது. அது வரை இலங்கையில் உள்ள யாரிடமும் உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சட்டத்தரணி எழுத்தில் கொடுத்திருக்கிறார். மாலதி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறாள். புஷ்பத்துக்கும் அது தெரியும்.

காலையில் நான் கூப்பிட்டேன். மாலதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு இன்றுதான்.

படம் வந்ததும் புஷ்பம் இரண்டு உள்ளங்கைகளையும் கெமராவுக்கு நேரே விரித்துக் காட்டினாள். கையில் மாத்திரை இல்லை, டம்ளர் இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் இப்படித்தான் செய்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாலதி இதை இன்றுதான் முதலில் பார்க்கிறாள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன், என்ன பார்க்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. விரித்த கை முழுதாக விரியவில்லை. மஞ்சள் மாத்திரையை நிறுத்தி மாதங்களாகிவிட்டன. விரல் முட்டிகள் தடித்துச் சிவந்திருந்தன. வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் பாதியில் நின்றன.

மாலதியின் உதடு அசைந்தது. மேசைக்குக் கீழே அவள் கை என் கையைப் பிடித்து நெரித்தது.

"மெளகு காயுதா அத்தை?" என்றாள்.

"காயுது. இந்த வருசம் கொஞ்சம்தான்." புஷ்பம் கைகளை இறக்கவில்லை. திரையில் மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் சந்தனம் ஏதோ சொல்லப் போனான், முழங்கையால் இடித்து அவனை நிறுத்தினாள்.

"அந்தத் துலுக்க டொக்டர் புள்ள புதன்கிழமை வரச் சொல்லியிருக்கு, மருமகளே. கைய காட்டத்தான் போறேன்" என்றாள். "நீ ஒன்னும் கேக்கல. நானா சொல்றேன்."

மாலதி தலையாட்டினாள். அதற்கு மேல் அவர்கள் மாட்டைப் பற்றிப் பேசினார்கள்.